அடைபட்டது யாருடைய பணம்?

ஆயுதக் குழுக்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? அரசுகள் இதைக் கேட்கும்போது பதிலையும் கையிலேயே வைத்திருக்கின்றன: எங்கோ ஓர் ஊற்று இருக்கிறது, அதை அடைத்தால் இயக்கம் வற்றிப்போகும். இந்த 'ஊற்று' என்கிற சொல்லாடலைச் சோமாலியாவில் வைத்துப் பார்க்கலாம்.

1991இல் அங்கே மைய அரசு விழுந்தது. வங்கிகளும் கூடவே போயின. வெளிநாட்டில் உழைத்தவர்கள் வீட்டுக்குப் பணம் அனுப்ப ஹவாலா நிறுவனங்களே வழி. வளைகுடாவுக்கு ஆள் போன நம் வீடுகளில் 'உண்டியல்' என்பார்களே, அதே ஏற்பாடுதான். அங்கே கட்டினால் இங்கே கைக்கு வந்துவிடும். இவற்றில் பெரியது அல்-பரகாத். தொலைபேசிச் சேவையும் நடத்தியது. அல்கொய்தாவுக்குப் பணம் போகிறது என்று சொல்லி 2001 நவம்பர் 7 அன்று அமெரிக்கா அதை முடக்கியது. அதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று 2004இல் எழுதியவர்கள் செப்டம்பர் 11 விசாரணை ஆணையத்தின் அலுவலர்களே. அந்தத் தாக்குதலுக்கு ஆன செலவு நாலைந்து லட்சம் டாலர். அதில் கணிசமான பகுதி சாதாரண வங்கிக் கணக்குகள் வழியாகத்தான் போயிருந்தது. அதற்காக வங்கியை யாராவது மூடினார்களா?

பின்னால் வளர்ந்த அல்-ஷபாப்புக்கு வெளியூற்று பெரிதாகத் தேவைப்படவில்லை. சாலைத் தடைகளில் லாரிக்கு வரி, கட்டினால் ரசீது, அடுத்த தடையில் அதைக் காட்டிவிட்டுப் போகலாம். கால்நடை வைத்திருப்பவரிடம் ஜகாத் என்ற பெயரில் வசூல். கிஸ்மாயோ துறைமுகம் வழியே போன கரியிலும் பங்கு. 2012இல் ஐ.நா. கரிக்குத் தடை போட்டது. கரி போய்க்கொண்டுதான் இருந்தது. ஆக, இது ஊற்று அல்ல, வரி. அரசு இல்லாத இடத்தில் அரசின் வேலையைத் துப்பாக்கி எடுத்துக்கொண்டது.

ஆனால் அடைப்பு விழுந்தது எங்கே? 2013இல் பார்க்லேஸ் வங்கி சோமாலியப் பண அனுப்பு நிறுவனங்களின் கணக்குகளை மூடப்போவதாக அறிவித்தது. ஆண்டுக்குச் சுமார் 130 கோடி டாலர் என்று அப்போது மதிப்பிடப்பட்ட அந்தப் பணம் அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் போவது.

இதைச் சொல்வது துப்பாக்கிக்கு வக்காலத்து வாங்க அல்ல. கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று லாரிக்காரருக்குத் தெரியும். அதற்கு 'நன்கொடை' என்று பெயர் வைத்தாலும் அது வரிதான். இயக்கத்தின் மொழியையும் அரசின் மொழியையும் ஒரே சந்தேகத்தோடுதான் படிக்கணும். இரண்டுக்கும் நடுவே நிற்பது ஒரே ஆள்: சாலையில் வரி கட்டியவரேதான், மாசக் கடைசியில் தம்பி அனுப்பிய பணம் வராமல் கடை வாசலில் காத்துக்கிடக்கிறார்.