கடை திறக்கலாம், நிலத்தை விற்க வேண்டாம்

கொடைக்கானலிலிருந்து மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று போகும் சாலை கிளாவரையில் முடிகிறது. அதற்கு அப்பால் காடு. காட்டைத் தாண்டினால் கேரளத்து வட்டவடைப் பகுதி. பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் பீன்ஸும் விளையும் மேல்மலை ஊர்கள் இவை. கொடைக்கானல் நகரில் நெரிசல் கூடக்கூட, சுற்றுலா வண்டிகள் இந்தப் பக்கம் திரும்பிவிட்டன. மன்னவனூர் ஏரியையும் ஆட்டுப் பண்ணையையும் பார்க்க வருகிறவர்கள், இன்னும் உள்ளே போனால் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். டீக்கடை, தங்கும் அறை, ஜீப் வாடகை என்று புது வருமானம் வருகிறது. கூடவே நிலம் கேட்டும் ஆட்கள் வருகிறார்கள்.

வருகிற வருமானத்தை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எது முதல், எது உபரி என்ற கணக்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெளிவாக இருக்க வேண்டும்.

வரம்பு உள்ள வருமானம்

உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வர இ-பாஸ் கட்டாயம். 2025 ஏப்ரல் முதல் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 சுற்றுலா வண்டிகள் என்று வரம்பும் வந்தது. ஆக, அறைகள் எத்தனை கட்டினாலும் மலை ஏறும் வண்டிகளுக்கு ஓர் அளவு உண்டு. மழைக்காலத்தில் அதுவும் குறையும். விளைபொருள் ஏற்றிச் செல்லும் வண்டிக்கு இந்த வரம்பு இல்லை. கடன் வாங்கி அறை கட்ட நினைப்பவர்கள் முதலில் இதை யோசிக்க வேண்டும்.

தண்ணீர்தான் முதல்

2024 செப்டம்பரில் கிளாவரைக்குத் தண்ணீர் வரத்து நின்றது. காரணம் தேடிப் போனவர்கள், கூனிப்பட்டி வனப்பகுதியில் சுமார் 300 அடி நீளத்துக்கு நிலம் பிளந்திருப்பதைக் கண்டார்கள். குடிநீருக்கும் பாசனத்துக்கும் ஓடையை நம்பியுள்ள ஊர் இது. ஓடை ஒருநாள் நின்றால் ஊரே தவிக்கும். பத்து அறை கொண்ட விடுதிக்குத் தினமும் வேண்டிய தண்ணீர், யாரோ ஒருவருடைய பாத்தியிலிருந்துதான் போக வேண்டும். புதிதாக எது கட்டினாலும் தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவுநீர் எங்கே போகும் என்ற இரண்டையும் கிராம சபையில் பேசி முடிவு செய்வது நல்லது. கழிவறைத் தொட்டி ஓடைக்கும் ஊற்றுக்கும் மேட்டில் அமையக் கூடாது.

பூண்டுக்கு உள்ள பெயர்

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கேரட்டும் பீன்ஸும் பறித்த உடனே விற்றாக வேண்டும். பூண்டு அப்படியல்ல, தாளோடு கட்டி, புகைமூட்டத்தில் தொங்கவிட்டால் மாதக் கணக்கில் கெடாது. பெரும்பகுதியை வழக்கம்போல் வடுகபட்டிச் சந்தைக்கு அனுப்பலாம். ஒரு பங்கை நிறுத்தி, கால் கிலோ, அரை கிலோக் கட்டுகளாக ஊருக்கு வருபவரிடமே விற்கலாம். இடைத்தரகு இல்லை, வண்டி வாடகையும் இல்லை. ஆனால் இமாச்சலப் பூண்டை வாங்கி வைத்து மலைப்பூண்டு என்று விற்றால், கெடுவது ஒரு கடையின் பெயர் மட்டுமல்ல, மேல்மலை முழுவதன் பெயரும்தான். குறியீட்டைக் கட்டின் மேல் அச்சிட விரும்புகிறவர்கள் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்ய வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்தான். தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் வழி கேட்டு, குழுவாகச் சேர்ந்து விண்ணப்பிக்கலாம்.

நிலம் கேட்டு வந்தால்

மலைக் கிராமங்களில் வணிகக் கட்டடத்துக்கு மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் விதிகள் பொருந்தும். மண் அள்ளும் இயந்திரத்துக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் முன் அனுமதி வேண்டும். 2019-ல் கொடைக்கானலில் விதி மீறிய கட்டடங்கள் நீதிமன்ற உத்தரவுப்படி பூட்டி சீல் வைக்கப்பட்டதைப் பலரும் நேரில் பார்த்திருக்கிறார்கள். குத்தகைக்கு எடுத்தவர் போய்விடுவார். பட்டாவில் இருப்பது விவசாயியின் பெயர். அதனால், முன்பணம் வாங்கும் முன் நான்கு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்:

1. பட்டா, நிபந்தனைப் பட்டாவா என்று பார்க்கவும். நிபந்தனைப் பட்டா நிலத்தை விற்கவும் வேறு பயன்பாட்டுக்கு மாற்றவும் தடைகள் உண்டு.

2. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்யவும். வாய்ப்பேச்சு பின்னால் உதவாது.

3. என்ன கட்டுவார், யார் அனுமதி வாங்குவார், குத்தகை முடிந்ததும் மண்ணை எந்த நிலையில் திருப்பித் தருவார் என்பதைப் பத்திரத்தில் எழுதவும்.

4. ஓடைக்கும் வாய்க்காலுக்கும் போகும் பாதையை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் கொடைக்கானல் வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்த பிறகே கையெழுத்துப் போடவும். படிமட்டத்தில் சேர்ந்த மேல்மண் பல தலைமுறை எருவால் உருவானது. அதன்மேல் கான்கிரீட் போட்டால், விடுதி மூடிய பிறகும் அங்கே பூண்டு விளையாது.