பிட்காயின் தொகுதி அளவு வரம்பு

பிட்காயின் தொகுதி அளவு வரம்பு என்பது பிட்காயின் பிளாக்செயினில் சேர்க்கப்படும் ஒவ்வொரு தொகுதியின் உச்ச அளவை வரையறுக்கும் நெறிமுறை விதி ஆகும். இதனை மாற்றுவது குறித்து 2015 முதல் 2017 வரை நடைபெற்ற சர்ச்சை, தலைமை நிர்வாகம் இல்லாத வலையமைப்பில் விதிகள் எவ்வாறு மாறுகின்றன என்பதற்கு எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

சத்தோசி நகமோட்டோ 2010 ஆம் ஆண்டில் இவ்வரம்பை 1 மெகாபைட்டு என நிர்ணயித்தார். சராசரியாகப் பத்து நிமிடங்களுக்கு ஒரு தொகுதியே உருவாவதால், பரிமாற்றங்கள் பெருகியபோது காத்திருப்பும் கட்டணமும் உயர்ந்தன. வரம்பை உயர்த்தினால் நெரிசல் குறையும் என்றனர் ஒரு சாரார். தொகுதிகள் பெரிதானால் சாதாரணக் கணினியில் கணுவை இயக்க இயலாது, அதிகாரம் சிலரிடம் குவியும் என்றனர் மறு சாரார்.

முடிவெடுக்கும் முறை

மாற்றங்கள் முதலில் பிட்காயின் மேம்பாட்டு முன்மொழிவு எனும் ஆவணமாக வெளியிடப்படும். உருவாக்குனர்கள் நிரலை எழுதுவர். அகழ்வோர் தாம் உருவாக்கும் தொகுதிகளில் ஆதரவுக் குறியை இடுவர். எனினும் ஒரு தொகுதியை ஏற்பதா மறுப்பதா என்பதை ஒவ்வொரு கணுவும் தன் மென்பொருளின்படி தானே முடிவு செய்கிறது. ஆகவே அகழ்வோரின் ஆதரவு மட்டும் போதாது.

2017 பிளவு

கையொப்பத் தரவைப் பிரித்துக் கணக்கிட்டு இடத்தைப் பெருக்கும் செக்விட் திட்டத்திற்கு, 2016 தொகுதிகள் கொண்ட ஒரு சுற்றில் 95 விழுக்காடு ஆதரவு தேவைப்பட்டது. அது நீண்ட காலம் எட்டப்படவில்லை. எனவே, ஆதரவுக் குறியற்ற தொகுதிகளை 2017 ஆகஸ்ட் 1 முதல் நிராகரிக்கப்போவதாகப் பயனர்களில் ஒரு பகுதியினர் அறிவித்தனர். அந்நாளுக்கு முன்னரே அகழ்வோரில் பெரும்பாலோர் இசைந்தனர். ஆகஸ்ட் 24 அன்று செக்விட் நடைமுறைக்கு வந்தது. பெரிய தொகுதிகளை விரும்பியோர் ஆகஸ்ட் 1 அன்று பிரிந்து, 8 மெகாபைட்டு வரம்புடன் பிட்காயின் கேஷ் நாணயத்தைத் தொடங்கினர். பிளவுக்கு முன் பிட்காயின் வைத்திருந்தோருக்கு இரு நாணயங்களும் உரியனவாயின.