கணினியின் மறுதொடக்கமும் மெய்நிகர் நிலையின் நீக்கமும்

கணினியொன்றை நிறுத்தி மீண்டும் தொடக்குதல் மிக எளிய செயலென்றே பலரும் எண்ணுவர். மறுதொடக்கம் செய்த மாத்திரத்தே பழையன யாவும் அழிந்து, பொறி புதிதாய்ப் பிறக்கும் என்பது பொதுநம்பிக்கை. மின்னோட்டம் முற்றாகத் துண்டிக்கப்படுமிடத்து இந்நம்பிக்கை பொருந்தும். மின்னோட்டம் அறாமலே நிகழும் மறுதொடக்கத்துக்கோ அது பொருந்தாது. அங்கே, முன்னிருந்த ஆட்சி விட்டுச்சென்ற சில நிலைகள் செயலியினுள்ளே எஞ்சிநின்று, பின்வரும் ஆட்சிக்கு வழிவிடாது மறிக்கும். அத்தகையவற்றுள் தலையாயது மெய்நிகராக்க நிலையாகும். அதன் இயல்பும், அதனை நீக்கும் முறையும் ஈண்டு ஆராயப்படும்.

இயக்க முறைமையின் நடுவே நின்று, செயலி, நினைவகம், பிற கருவிகள் ஆகிய அனைத்தையும் ஆளும் செய்நிரலைக் கரு என்பர். ஒரே பொறியிற் பல கருக்கள் தத்தமக்குத் தனிப்பொறி உண்டென்று கருதி இயங்குமாறு செய்தலே மெய்நிகராக்கம். செயலி இதற்கு இடந்தருவதற்கு வேண்டிய நிபந்தனைகளைப் போபெக், கோல்ட்பேர்க் என்னும் இருவர் 1974இல் வகுத்துக் காட்டினர். இன்டெல் நிறுவனத்தின் செயலிகள் அந்நிபந்தனைகளை நெடுங்காலம் நிறைவுசெய்யவில்லை. 2005ஆம் ஆண்டின் இறுதியில் அந்நிறுவனமும், 2006இல் ஏ.எம்.டி. நிறுவனமும் இதற்கெனத் தனி அமைப்புகளைச் செயலியிற் சேர்த்தன.

இன்டெல் வகுத்த முறை பின்வருமாறு. தலைமைக் கரு, கட்டுப்பாட்டுப் பதிவகம் 4 என்பதிலுள்ள ஒரு பிட்டை முதலில் உயர்த்தும். பின்னர் நினைவகத்திற் சிறுபகுதியொன்றை ஒதுக்கிச் செயலிக்குக் காட்டி, வி.எம்.எக்ஸ். ஓன் என்னும் கட்டளையை இடும். அக்கணமே செயலி மெய்நிகர் நிலையினுட் புகும். அதனின்று வெளியேற வி.எம்.எக்ஸ். ஓஃப் என்னும் கட்டளை உண்டு. செயலிகள் பலவாயின், ஒவ்வொன்றும் தனித்தனியே புகுதலும் தனித்தனியே வெளியேறுதலும் வேண்டும்.

இங்கேதான் சிக்கல் எழுகின்றது. ஒரு செயலியைத் தொடக்க நிலைக்குக் கொணரும் சைகைக்கு இனிட் என்பது பெயர். முதற்செயலி ஏனைய செயலிகளை எழுப்புவதும் இச்சைகையை முன்னிட்டே. பொறியை மறுதொடக்கும் வழிகள் சிலவும் இதனையே நம்பியுள்ளன. மெய்நிகர் நிலையினுள் நின்று தலைமைக் கருவின் கட்டளைகளை நடத்தும் செயலியோ இனிட் சைகையை ஏற்பதில்லை. இது தற்செயலான பழுதன்று. செயலியின் விதியே அவ்வாறு அமைந்துள்ளது.

லுணுகலை முதலான ஊவாத் தோட்டப் பகுதிகளின் பழைய வழக்கமொன்று இதனைத் தெளிவாக்கும். விடியற்காலையிலே தப்பொலி எழும்; தொழிலாளர் பெரட்டுக் களத்திற் கூடுவர்; அதன் பின்னரே அன்றைய வேலை பகிரப்படும். கதவடைத்த அறையினுள் இருப்பவர் செவியில் அவ்வொலி விழாதாயின், எத்துணை முறை தப்படித்தும் பயனில்லை. மெய்நிகர் நிலையில் விடப்பட்ட செயலியும் அத்தகையதே. அழைத்தவர் காத்திருக்க, பொறி முழுவதும் உறைந்து நிற்கும்.

இச்சிக்கல் வெளிப்பட்ட வரலாறு கருதத்தக்கது. லினக்ஸ் கரு செயலிழந்து வீழும்போது, வீழ்ச்சியின் காரணத்தை அறிய நினைவகத்தின் அப்போதைய நிலையைப் பதிந்துவைத்தல் வேண்டும். வீழ்ந்த கருவை நம்பி அப்பணியை ஒப்படைத்தல் தகாது. ஆதலின், முன்னரே ஒதுக்கிய நினைவகப் பகுதியிலிருந்து இரண்டாவது கருவொன்று எழுந்து அதனைச் செய்யும் கேடம்ப் என்னும் முறை உருவாயிற்று. பெங்களூரில் ஐ.பி.எம். நிறுவனத்திற் பணிபுரிந்த விவேக் கோயல் இம்முயற்சியில் முன்னின்றவர்களுள் ஒருவர். அவரும் எரிக் பீடர்மன், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா ஆகியோரும் இதுபற்றி எழுதிய கட்டுரை 2005இல் ஒட்டாவா லினக்ஸ் கருத்தரங்கில் இடம்பெற்றது. அவ்வாண்டிலேயே இம்முறை லினக்ஸ் 2.6.13இற் சேர்ந்தது. இன்டெல்லின் மெய்நிகராக்கச் செயலிகள் அதன் பின்னரே சந்தைக்கு வந்தன; அவற்றைப் பயன்படுத்தும் கே.வி.எம். என்னும் பகுதி 2007இல் வெளியான 2.6.20இலேதான் கருவினுட் புகுந்தது. தனித்தனியே குற்றமற்ற இரண்டும் ஒரு பொறியிற் கூடியபோது குற்றம் பிறந்தது. மெய்நிகர்ப் பொறிகளைத் தாங்கிய கரு வீழ்ந்தால், இரண்டாவது கரு எழுதலும், பணி முடித்தபின் பொறியை மறுதொடக்குதலும் தடைப்படக்கூடிய நிலை உண்டாயிற்று.

இதற்குரிய திருத்தத்தை எடுவார்டோ ஹப்கோஸ்ட் என்பார் 2008இல் எழுதினார். 2009இல் வந்த 2.6.29இல் அது இடம்பெற்றது. ஒழுங்கான மறுதொடக்கத்தில் இடர் பெரிதன்று. கரு நலமாயிருக்கையில், ஒவ்வொரு செயலியும் தன் முறை வந்ததும் மெய்நிகர் நிலையை நீக்கிக்கொள்ளும். வீழ்ச்சியின்போதோ பிற செயலிகள் எந்நிலையிலிருக்கும் என்று கூறவியலாது; குறுக்கீடுகளை அடைத்துக்கொண்டு நிற்பனவும் இருக்கலாம். ஆதலின், வீழ்ந்த செயலி ஏனையவற்றுக்கு, சாதாரணத் தடைகளுக்கு அடங்காத தனிக் குறுக்கீடொன்றை அனுப்பும். தப்பொலி கேளாதவரை அறையினுட் சென்று தோளைத் தொட்டு எழுப்புதல் போன்றது இது. அதனைப் பெற்ற செயலி வி.எம்.எக்ஸ். ஓஃப் கட்டளையை நிறைவேற்றியபின் ஓய்ந்து நிற்கும்.

இங்கும் ஒரு நுட்பம் உண்டு. மெய்நிகர் நிலையில் இல்லாத செயலிக்கு அக்கட்டளையை இட்டால் அது பிழையென எதிர்க்கும். பதிவகத்தின் பிட் உயர்ந்திருத்தல் மட்டும் முழுச்சான்றாகாது. பிட்டை உயர்த்திய பின்னும் உட்புகுமுன்னும் உள்ள சிறு இடைவெளியிலே குறுக்கீடு வந்திருத்தல் கூடும். ஆகவே, கட்டளையை இட்டு, பிழை எழுமாயின் அதனைப் பொறுத்துக்கொண்டு மேற்செல்லுமாறு பின்னாளில் ஏற்பாடு செய்தனர். ஏ.எம்.டி. செயலிகளில் வேறொரு தடை உண்டு. அங்கே பொதுக் குறுக்கீட்டுக்கொடி இறங்கியிருக்கும்வரை இனிட் காத்துக்கிடக்கும். ஆதலின், முதலிற் கொடியை உயர்த்தி, அதன் பின்னரே மெய்நிகராக்கத்தை நிறுத்துதல் வேண்டும். வரிசை பிறழின் பயனில்லை.

இத்துணை முயற்சி எதற்கு, மின்னோட்டத்தைத் துண்டித்தால் போதாதோ எனின், போதாது. மின்னோட்டம் அற்றவுடன் நினைவகமும் வெறுமையாகும். வீழ்ச்சிக்குக் காரணங்காட்டும் சான்றும் அதனோடு அழியும். பலருடைய மெய்நிகர்ப் பொறிகளைத் தாங்கிய பெரும்பொறி ஏன் வீழ்ந்தது என்பது அறியப்படாதாயின், நாளையும் அது அவ்வாறே வீழும்.

புதிய ஆட்சியைத் தொடக்குதல் பழையதை முறையாக முடித்தலிலேயே அடங்கியுள்ளது என்பது இதனாற் பெறப்படும். ஒரு நிலையினுட் புக வழிவகுப்போர், அதனின்று வெளியேறும் வழியையும் உடன் வகுத்தல் வேண்டும். அவ்வழி, எல்லாம் நலமாயிருக்கும் வேளைக்கு மட்டுமன்றி, யாவும் நிலைகுலைந்த வேளைக்கும் உதவுவதாய் இருத்தல் வேண்டும். செய்நிரல் பயிலும் மாணவர் தொடக்கக் கட்டளையை எழுதும்போதே முடிவுக் கட்டளையையும் எண்ணிப் பழகுவாராயின், இவ்வரலாறு உணர்த்தும் பாடத்தைக் கற்றவராவர்.