வான்விளக்கும் வறண்ட மலையும்

மெல்லிய காகிதக் கூட்டின் அடியில் மெழுகு தோய்ந்த திரியை ஏற்றி, இரவு வானில் விடும் வழக்கம் சீனத்தில் தோன்றியது. தாய்லாந்தின் சியங்மாய் நகரில் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி ஆயிரக்கணக்கான விளக்குகள் ஒருசேர எழும் காட்சி கண்கொள்ளாதது. கல்கத்தாவில் காளி பூஜை இரவில் விடப்படும் ஃபானூஸும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இப்போது புத்தாண்டு இரவிலும் திருமண விழாக்களிலும் இவ்விளக்குகள் நம் பக்கத்திலும் பறக்கின்றன.

இதன் தத்துவம் எளிது. 20 பாகை வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்றின் எடை சுமார் 1,200 கிராம். 100 பாகையில் அது சுமார் 950 கிராமாகக் குறைகிறது. விளக்கின் கொள்ளளவு ஒரு கனமீட்டரில் ஐந்திலொரு பங்கு எனக் கொண்டால், அதற்குக் கிட்டும் தூக்குவிசை 50 கிராம் எடைக்குச் சமம். காகிதம், மூங்கில் வளையம், கம்பி, மெழுகு யாவும் இதற்குள் அடங்கவேண்டும். ஆகவேதான் விளக்கு இத்துணை இலேசாக அமைக்கப்படுகிறது. இலேசாக இருப்பதனாலேயே அது காற்றின் வசப்படுகிறது.

திரி எட்டு நிமிடம் எரிவதாகவும், காற்று மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் வீசுவதாகவும் கொள்வோம். விளக்கு அணையுமுன் 2.4 கிலோமீட்டர் சென்றுவிடும். தரையில் இலை அசையாதபோதும் மேலே காற்று விரைந்து வீசக்கூடும் என்பதை விளக்கு விடுவோர் எண்ணுவதில்லை. பாலக்காட்டுக் கணவாயில் இது இன்னும் கவனிக்கத்தக்கது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள இவ்வாயிலின் வழியே, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வறண்ட கீழைக்காற்று பாய்கிறது. கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் நிறுவப்பட்டமைக்கும் கணவாய்க் காற்றே காரணம். புத்தாண்டு இரவு இப்பருவத்தில்தான் வருகிறது!

அணைந்தபின் இறங்கும் விளக்கு பெரும்பாலும் தீ விளைவிப்பதில்லை. ஆனால் காற்றில் சாய்ந்து காகிதம் பற்றினாலும், மரக்கிளையில் சிக்கினாலும் அது கொள்ளியாகவே விழும். இடுக்கி எல்லையில் போடி மலைச்சரிவுகளில் அப்போது புல் காய்ந்து நிற்கும். சரிவில் தீச்சுவாலை மேலுள்ள புல்லை முன்னரே சூடேற்றுவதால், தீ மேல்நோக்கி மிக விரைந்து ஏறும். சாய்வு பத்துப் பாகை கூடுந்தோறும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது தீயணைப்போர் கையாளும் கணக்கு. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மூண்ட தீயில் மலையேறச் சென்றோருள் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2020 பிப்ரவரியில் பாலக்காட்டை அடுத்த திருச்சூர் மாவட்டத்தின் தேசமங்கலம் பகுதியில் வனக்காவலர் மூவர் உயிரிழந்தனர். இவை வான்விளக்கினால் நேர்ந்தவை அல்ல. ஆயினும் இம்மலைகளில் ஒரு பொறி என்ன செய்யவல்லது என்பதை இவை காட்டுகின்றன.

விளக்கே நேரிற் காரணமான நிகழ்ச்சிகள் பிற நாடுகளில் உண்டு. 2013-இல் இங்கிலாந்தின் ஸ்மெதிக் நகரில் பிளாஸ்டிக் கழிவுக் கிடங்கின்மீது விளக்கொன்று இறங்கியதைக் கண்காணிப்புக் கருவி பதிவு செய்தது. அங்கே சுமார் ஒரு லட்சம் டன் பொருள் தீக்கிரையாயிற்று. 2020 புத்தாண்டு இரவில் ஜெர்மனியின் கிரேஃபெல்ட் விலங்குக் காட்சிசாலையில் குரங்கில்லம் எரிந்து 30-க்கும் மேற்பட்ட விலங்குகள் மடிந்தன. அங்கு இவ்விளக்குகளுக்குத் தடை முன்னரே இருந்தது.

எஞ்சும் கம்பியும் தீங்கற்றதன்று. புல்லோடு அதை விழுங்கிய மாட்டின் இரைப்பையை அது துளைத்து, சிலபோது இதயம்வரை சென்றுவிடும். வைக்கோலுக்கென அறுத்த புல்லில் துண்டுபட்ட கம்பி இருப்பின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. மேய்ச்சல் நிலங்களில் வளையமோ கம்பியோ காணும் களப்பணியாளர் அதை அகற்றுவதோடு, கண்ட இடத்தையும் காற்றின் திசையையும் குறித்துவைத்தல் நலம். விளக்கு எப்பக்கத்தினின்று வந்தது என்பதை அதனால் உய்த்துணரலாம்.

வகுப்பறையில் இத்தத்துவத்தை விளக்க எதையும் பறக்கவிட வேண்டுவதில்லை. ஒரு கோலை நடுவில் நூலாற் கட்டித் தொங்கவிட்டு, இரு முனைகளிலும் ஒத்த எடையுள்ள காகிதப் பைகளைத் தலைகீழாகத் தொங்கவிடவேண்டும். ஒரு பையின் கீழே, காகிதத்தில் சுடர் படாத தொலைவில், சிறு விளக்கை ஆசிரியரே பிடித்தால் அப்பை மெல்ல உயர்வதை மாணவர் காண்பர். விளக்கை அகற்றியதும் கோல் மீண்டும் சமநிலைக்கு வரும்.