கடையைக் காலி செய்தால் வாடகை நின்றுவிடுமா?



நம் கூட்டமைப்பில் ஒரு குழு, பலகாரம் விற்க மெயின் ரோட்டில் 11 மாத ஒப்பந்தத்தில் கடை எடுத்தது. மாத வாடகை ரூ.2,500. அட்வான்ஸ் ரூ.15,000. வியாபாரம் ஓடவில்லை. ஐந்து மாத வாடகையைக் கட்டி, சாவியை உரிமையாளர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்கள். அட்வான்ஸைக் கேட்டபோது, "மிச்ச ஆறு மாச வாடகை 15,000 ஆச்சும்மா. அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சு" என்றார் அவர். "சாவியைக் கொடுத்துட்டோமே, அப்புறம் என்ன வாடகை?" என்று குழுவினர் எங்களிடம் வந்தார்கள்.

இரண்டு பேர் சொன்னதும் முழுக்கச் சரியில்லை.

சாவியைக் கொடுத்தால் மட்டும் ஒப்பந்தம் முடிந்துவிடாது. இடையில் விலக ஒப்பந்தத்தில் வழி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வழி இல்லையென்றால், உரிமையாளர் சம்மதித்துக் கடையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அதை எழுத்தில் வாங்காவிட்டால் பிறகு நிரூபிப்பது கஷ்டம்.

கிராமத்தில் வாய்ப்பேச்சில் எடுத்த கடை என்றால், 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் 106-ஆம் பிரிவுப்படி அது மாத வாடகை. 15 நாள் முன்னதாக எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து விலகலாம். நகர்ப்புறக் கடைகளுக்கு 2019 முதல் தனி வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது.

அதற்காக மிச்ச மாத வாடகை முழுவதையும் கேட்டவுடன் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 73-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தம் மீறியதால் ஏற்பட்ட நஷ்டத்துக்குத்தான் ஈடு. அந்த நஷ்டத்தைக் குறைக்க உரிமையாளருக்கு என்ன வழி இருந்தது என்பதும் பார்க்கப்படும்.

நம் குழு விட்ட கடையில் இரண்டு மாதம் கழித்து வேறொருவர் செல்போன் கடை வைத்துவிட்டார். தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்தோம். இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசினார்கள். கடை காலியாகக் கிடந்த இரண்டு மாத வாடகை ரூ.5,000, கரண்ட் பாக்கி ரூ.600 போக, ரூ.9,400 திரும்பி வந்தது. பெண்களுக்கு அங்கே சட்ட உதவி இலவசம், வருமானம் பார்ப்பதில்லை. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

நாம் செய்ய வேண்டியது:

1. கடை எடுக்கும்போதே, "ஒரு மாத முன்னறிவிப்பு கொடுத்து விலகலாம்" என்ற வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

2. காலி செய்ய முடிவெடுத்தால் தீர்மான நோட்டில் எழுதுங்கள். உரிமையாளருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

3. சாவி கொடுக்கும் நாளில் தேதி, மீட்டர் ரீடிங், வரவேண்டிய அட்வான்ஸ் எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

4. வாடகை ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். பாக்கி என்று சொல்லி மூன்று வருடம் வரை வழக்குப் போடலாம்.

அட்வான்ஸ் பணம் நாம் வாரா வாரம் சேர்த்த சேமிப்பு. கடை வைத்திருக்கும் குழுக்கள் அடுத்த கூட்டத்திலேயே ஒப்பந்தத்தை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வாசியுங்கள். புரியாத இடம் இருந்தால் எங்களைக் கூப்பிடுங்கள். உட்கார்ந்து சேர்ந்தே படிப்போம்.