வேலைப்பொருளை இறுகப் பிடிப்போம்

எமது சிறு பட்டறையில் ஒரு நாள் நீர்ப்பம்பியின் இரும்புத் தகடு ஒன்றைக் கையால் பிடித்தபடி துளையிட்டோம். துளையலகு மறுபுறம் வெளிப்பட்ட கணத்தில் தகடு சுழன்று விரலைக் கிழித்தது. துளை முடியும் தறுவாயில்தான் ஆபத்து அதிகம். எஞ்சியுள்ள மெல்லிய விளிம்பை அலகு கவ்விக்கொள்கிறது; இயந்திரத்தின் முறுக்கு விசை முழுவதும் பொருளுக்குச் சென்றுவிடுகிறது. கைப்பலம் அதற்கு ஈடாகாது.

கடையில் வாங்கும் பிடிகள் பல வேளைகளில் எமது இயந்திர மேசையின் பள்ளங்களுக்குப் பொருந்துவதில்லை. இரும்பு வாளும் அரமும் உள்மரை வெட்டும் டாப்பும் இருந்தால், அளவுக்கேற்ப நாமே அவற்றைச் செய்துகொள்ளலாம்.

ரீ வடிவச் சுரை

மேசைப் பள்ளத்தின் வாயகலம், உள்ளகலம், ஆழம் ஆகியவற்றை முதலில் அளக்க வேண்டும். மெல்லுருக்குத் துண்டொன்றின் இரு பக்கங்களையும் வாளால் அறுத்து, அராவி, தலைகீழான ரீ வடிவம் ஆக்குக. கழுத்து, வாயகலத்திலும் 0.3 மில்லிமீற்றர் குறைவாக இருக்கட்டும். அதன் மேல்முகம் மேசைப் பரப்புக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். துருத்தினால் பொருள் சமமாகப் படியாது.

10 மில்லிமீற்றர் மரையாணிக்கு (புரியிடை 1.5) 8.5 மில்லிமீற்றர் துளையிட்டு, மேலிருந்து மரை வெட்டுக. அடியிலுள்ள கடைசி இரு மரைகளை முழுமையாக வெட்டாது விடுக. இதனைச் சிறு விடயமென எண்ணலாகாது. ஆணி ஊடுருவிப் பள்ளத்தின் அடியில் முட்டினால், இறுக்கும்போது சுரை மேலெழுந்து வார்ப்பிரும்பு மேசையின் விளிம்பையே உடைத்துவிடும்.

பிடிப்பட்டை

25 மில்லிமீற்றர் அகலமும் 12 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட உருக்குப் பட்டையில் 100 மில்லிமீற்றர் போதும். நடுவே 11 மில்லிமீற்றர் துளைகளை வரிசையாக இட்டு, இடைச்சுவர்களை அராவி நீக்கினால் ஆணியை நகர்த்தத்தக்க நீள்துவாரம் கிடைக்கும்.

பட்டையின் ஒரு முனை பொருளின் மீதும், மறுமுனை ஒரு முட்டுக்கட்டையின் மீதும் இருக்கும். கட்டை பொருளைவிடச் சிறிது உயரமாகவும், ஆணி பொருளுக்கு அண்மையாகவும் இருக்க வேண்டும். பொருளிலிருந்து 3 சென்ரிமீற்றரிலும் கட்டையிலிருந்து 6 சென்ரிமீற்றரிலும் ஆணி நின்றால், இறுக்கும் விசையில் மூன்றில் இரண்டு பங்கு பொருளுக்குச் சேரும். இடம் மாறினால் ஒரு பங்கே சேரும்; மிகுதியைக் கட்டை வாங்கிக்கொள்ளும்.

நீண்ட பட்டைகளுக்குத் துளையிடும்போது அவற்றின் இடது முனை இயந்திரத் தூணில் முட்டும்படி வைப்பது மேலதிகக் காவல். அலகு வலஞ்சுழியாகச் சுழல்வதால், பிடி தளர்ந்தாலும் தூண் அதனைத் தடுத்துவிடும். கையுறை அணிந்து துளையிடுதல் கூடாது.

இவற்றில் இரண்டு சோடி செய்ய எமக்கு ஒரு நாள் சென்றது. இன்று எந்தச் சிறு துளையாயினும், பொருளை இறுக்கிய பின்னரே ஆளியைப் போடுகிறோம்.