ஊர் நடை – 9: நல்லூர்ப் பீரங்கியும் கோட்டைக் கல்லும்

சென்ற வாரம் பண்ணைப் பாலத்தில் நின்று தீவுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த வாரம் கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டு ஊருக்குள் நடப்போம். கோட்டை வாசலில் இருக்கும் சிறு காட்சிக்கூடத்திலிருந்து நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் நூதனசாலை வரைக்கும். ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர். ஓட்டோக்காரர் எவரும் இதை நடக்கிற தூரமென்று ஒத்துக்கொள்ள மாட்டார். காலை எட்டு மணிக்கே வெளிக்கிட்டால் வெயில் ஏறமுன் போய்விடலாம்.

கோட்டை வாசலின் மேல் 1680 என்று ஆண்டு பொறித்திருக்கிறது. அது ஒல்லாந்தரின் கணக்கு. யாழ்ப்பாண இராச்சியம் 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தபின் பிலிப் தெ ஒலிவேரா இந்த இடத்தில் எழுப்பியது நாற்பக்கக் கோட்டை. 1658இல் மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகையிட்டு, ஜூனில் அதைப் பிடித்த ஒல்லாந்தர் ஐந்து மூலைக் கோட்டையாக மாற்றிக் கட்டினார்கள். கொத்தளங்களுக்குத் தங்கள் ஊர் மாகாணங்களின் பெயரை வைத்தார்கள்: ஹொலண்ட், சீலண்ட், உட்ரெக்ட் என்று. வெளிக்கட்டு வேலை முழுதாக முடிந்தது 1792இல். மூன்றே ஆண்டில், 1795இல், பிரித்தானியர் வந்து சண்டையில்லாமலே வாங்கிக்கொண்டார்கள். நூறு வருசத்துக்கு மேல் பாடுபட்டுக் கட்டியவர்கள் மூன்று வருசம்கூட ஆறுதலாய் இருக்கவில்லை.

காட்சிக்கூடத்தில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். விளக்கப் பலகைகள், படங்கள், அகழ்வில் வந்த ஓட்டுத் துண்டுகள். ஆனால் அந்த ஓடுகள் லேசானவை அல்ல. போருக்குப் பிறகு பேராசிரியர் ப. புஷ்பரட்ணமும், பின்னர் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தாரும் இங்கே மண்ணைத் தோண்டியபோது, போர்த்துக்கேயர் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்னரே இந்தக் கரையில் மக்கள் இருந்து, கடல் கடந்து வியாபாரம் செய்த தடயம் கிடைத்தது. சீன மட்பாண்டத் துண்டுகளும் அதில் உண்டு. வெறுங்கரையில் வந்து கோட்டை கட்டினார்கள் என்ற கதை அதோடு முடிந்தது.

பலகையை வாசித்து முடித்ததும் சுவரருகே போய் நில்லுங்கள். என் கணக்கில் இங்கே முதன்மையான காட்சிப்பொருள் சுவர்தான். முருகைக்கல். கடலில் உயிரோடு வளர்ந்தது. பூச்சு உதிர்ந்த இடத்தில் கண்ணைக் கிட்ட வைத்துப் பார்த்தால் ஊசிமுனைத் துளைகள் நிரை நிரையாகத் தெரியும். சில கற்களில் மூளை மடிப்பைப் போல வளைந்து வளைந்து போகும் கோடுகள். இடைக்கிடை அந்தச் சாதியில்லாத கல்லும் கண்ணில் படும், உளி பட்ட தட்டையான முகத்தோடு.

அந்த வேறு சாதிக் கல்லைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்ல வந்தேன். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை ஒலிவேரா 1621இல் இடித்தான். அந்தக் கல் கோட்டைக்கு ஏறியது என்பது யாழ்ப்பாணத்தில் தலைமுறை தலைமுறையாய்ச் சொல்லி வருவது. ஊர்க்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. முதலாம் இராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுத் துண்டு ஒன்று இதே கோட்டைக்குள் கிடைத்து, அதைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1971இல் வாசித்து வெளியிட்டார். பதினோராம் நூற்றாண்டுக் கல்லுக்குப் பதினேழாம் நூற்றாண்டுக் கோட்டையில் என்ன வேலை? எங்கோ ஒரு பழைய கட்டடத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

உள்ளே பார்க்க மிச்சம் குறைவு. 1706இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயம் 1990 முற்றுகையோடு போயிற்று. அந்த ஆண்டு ஜூனிலிருந்து செப்ரெம்பர் வரை உள்ளே இராணுவம், சுற்றிவர புலிகள். 1658இன் மூன்று மாதம் மறுபடியும். இந்தக் கோட்டை மதிலோடு ஒட்டிய பங்களாவில்தான் 1905இல் கச்சேரி உத்தியோகத்துக்கு வந்த லெனாட் வூல்ஃப் இருந்தார். வோல்டேயரின் நூல்கள் தொண்ணூறு தொகுதியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்த மனுசன். யாழ்ப்பாணத்துப் புழுக்கத்தில் அவற்றின் அட்டை என்ன பாடு பட்டிருக்குமோ.

வெளியே வந்தால் முனியப்பர் கோயில், முற்றவெளி. 1974 ஜனவரி 10, நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசிக் கூட்டத்தில் உயிரிழந்தவர்களின் நினைவிடம் இந்த வெளியில்தான். அப்பால் பொது நூலகம்: 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டில் தொடங்கிய வாசிகசாலை வளர்ந்து, சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்த வெள்ளை மாளிகையில் 1959இல் குடியேறியது. 1981 ஜூன் முதலாம் திகதி விடியமுன் தொண்ணூற்றேழாயிரம் நூல்களோடு எரிந்தது. இதைப்பற்றி இந்தத் தொடரிலேயே தனியாக எழுதியாயிற்று, திருப்பிச் சொல்லவில்லை. பக்கத்தில் இந்திய உதவியில் எழுந்த பதினொரு மாடிக் கலாசார மையம். 2023இல் திறந்து, 2025இல் திருவள்ளுவர் பெயரைச் சேர்த்துக்கொண்டது. அதன் திட்டத்திலும் நூதனசாலைக்கு இரண்டு தளம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தாண்டி, பெரியாஸ்பத்திரியடிச் சன நெரிசலுக்குள் புகுந்து, கஸ்தூரியார் வீதியில் ஏறினால் நகைக்கடைகள். விரைவாய் நடக்கலாம், வீட்டுக்காரரோடு போனால் நடக்க ஏலாது. ஸ்ரான்லி வீதியைக் கடந்து, நாவலர் வீதியில் கிழக்கே திரும்ப வேண்டும். கடை குறைந்து மதிலும் வேலியும் தொடங்கும். வெயிலும் தலைக்கு ஏறிவிடும்.

நூதனசாலை இருப்பது நாவலர் கலாசார மண்டபத்துக்குப் பின்னால். வீதியிலிருந்து பார்த்தால் கண்ணில் படாது. மண்டபத்தில் விழா நடந்தால் இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள். அவற்றுக்கு நடுவே நெளிந்து போக வேண்டும். வாசலில் முதலில் எதிர்ப்படுவது துருப்பிடித்த பீரங்கிகள். ஒல்லாந்தர் காலத்தவை, கோட்டையிலிருந்து வந்தவை. பக்கத்திலே திமிங்கில எலும்புகள். நான் போன நேரம் ஒரு பள்ளிக்கூடப் பொடியன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ரீச்சர், இது ஆனையோ?" என்று கேட்டான். "கடல் ஆனை எண்டு வையன்," என்றார் ரீச்சர், வெயிலில் நிற்க மனமில்லாமல்.

உள்ளே எல்லாம் கலந்து கிடக்கும். கந்தரோடையில் எடுத்த தலையில்லாப் புத்தர் உடல்கள், ஏழு வாய் கொண்ட இசைக்குடம், விக்டோரியா மகாராணியின் ஓவியம். கந்தரோடையை வெளியுலகுக்குச் சொன்னவர் யாழ்ப்பாணத்தில் நீதிபதியாயிருந்த போல் பீரிஸ். 1917இலும் 1919இலும் அவர் எழுதிய கட்டுரைகளுக்குப் பிறகு, 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் வந்து தோண்டினார்கள். இப்படி உலகமே வந்து பார்த்த இடத்தின் பொருளுக்கு இன்னும் கொஞ்சம் வெளிச்சமும், எங்கே எப்போது எடுத்தது என்று நாலு வரியும் வைத்தால் குறைந்தா போய்விடும்?

ஒழுங்கு குறைவென்றாலும் எனக்குக் கோட்டைக் கூடத்தைவிட இதுதான் பிடிக்கும். நல்லூரை அடக்கக் கட்டிய கோட்டையின் பீரங்கி நல்லூர் மண்ணில் காவலாளியாய் நிற்கிறது. நல்லூர்க் கல் என்று ஊர் நம்புவது கோட்டைச் சுவருக்குள் இருக்கிறது. ஒரு மியூசியத்தை மட்டும் பார்ப்பவருக்கு அரைக்கதைதான் கிடைக்கும். இரண்டு இடத்திலும் மற்றதைப் பற்றி ஒரு அறிவிப்புப் பலகை, நடுவில் ஒரு வழிகாட்டும் அம்புக்குறி: திணைக்களத்துக்குப் பெரிய செலவு வராது.

செவ்வாய்க்கிழமை நூதனசாலை பூட்டு. மற்ற நாளில் பின்னேரம் நாலரைக்குமுன் போய்விடுங்கள். நேரமிருந்தால் அப்படியே நல்லூர் வீதிக்கு ஏறிவிடலாம். 1734இல் இரகுநாத மாப்பாண முதலியார் குருக்கள் வளவில் மறுபடி கட்டிய கோயில் அங்கே. பழைய கோயில் இருந்ததாகச் சொல்லப்படும் முத்திரைச் சந்தியில் இன்று நிற்பது யாக்கோபு தேவாலயம். அங்கிருந்து சங்கிலியன் தோப்பும் மந்திரி மனையும் எட்டிப் பிடிக்கிற தூரம். அடுத்த வாரம் அந்தப் பக்கம்.